நஞ்சு தயாரிக்கும் நொதி

‘ஃப்ரீ ராடிக்கல்கள் அவ்வளவு கெடுதல் என்றால் உடலே ஏன் அவற்றை உண்டாக்குகிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலைந்து, பக்கத்தில் இருப்பதைத் தாக்கக்கூடிய மூலக்கூறுகள்தான் ஃப்ரீ ராடிக்கல்கள். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிபவை பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அது வேறு வேலைக்கு நடுவே நடக்கும் கசிவு. இதையே வேலையாகக் கொண்ட நொதி ஒன்றும் இருக்கிறது: வெள்ளையணுக்களில் உள்ள என்ஏடிபிஎச் ஆக்ஸிடேஸ்.

1933-இல் பால்ட்ரிட்ஜ், ஜெரார்டு என்ற இருவர், பாக்டீரியாவை விழுங்கும் நாய் வெள்ளையணுக்கள் திடீரென அதிக ஆக்ஸிஜனை இழுப்பதைக் கண்டார்கள். விழுங்கும் வேலைக்கு ஆற்றல் வேண்டுமே, அதற்காக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் சயனைடு போட்டு மைட்டோகாண்ட்ரியாவை முடக்கினாலும் அந்த வேகம் குறையவில்லை என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் ஆக்ஸிஜன் சுவாசத்துக்குப் போகவில்லை, இந்த நொதிக்குத்தான் போகிறது.

சும்மா இருக்கும் வெள்ளையணுவில் இந்த நொதி பாகம் பாகமாகக் கிடக்கிறது. நாக்ஸ்2, பி22 என்ற இரண்டு புரதங்கள் சவ்வில். பி47, பி67, பி40 மூன்றும் சைட்டோபிளாசத்தில். ராக் என்ற சிறு புரதம் தனியே. கிருமி சிக்கியதும் பி47 மேல் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. அதுவரை மடங்கிக் கிடந்த பி47 விரிந்து, கூட்டாளிகளோடு சவ்வுக்குப் போய் பி22-ஐப் பற்றிக்கொள்கிறது. ராக்கும் வந்து சேர்ந்தால் நொதி தயார்.

இனிமேல்தான் விஷயமே. சவ்வின் உள்பக்கத்தில், எலெக்ட்ரான்களைச் சுமந்துவரும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு இரண்டு எலெக்ட்ரான்களை நொதியில் இருக்கும் எஃப்ஏடி என்ற இன்னொரு மூலக்கூறிடம் கொடுக்கிறது. அங்கிருந்து அவை ஒவ்வொன்றாக, சவ்வுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு ஹீம்கள் (நடுவே இரும்பு கொண்ட அமைப்புகள்) வழியே மறுபக்கம் தாவுகின்றன. ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் இரும்பின்மேலேயே உட்காரும். இங்கே இரும்பின் இருபுறமும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் அதற்கு இடமில்லை. பக்கத்தில் நிற்கும் ஆக்ஸிஜனுக்கு ஒரே ஒரு எலெக்ட்ரான் தாவிப் போகிறது, சூப்பர் ஆக்ஸைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது. கிருமி அடைபட்டிருக்கும் பைக்குள்ளேதான் பிறக்கிறது என்பது முக்கியம்.

சரி, ஆனால் கணக்கு இடிக்கிறதே? எலெக்ட்ரான் என்றால் எதிர்மின்சுமை. ஒவ்வொன்று வெளியேறும்போதும் செல்லின் உள்பக்கம் நேர்மின் பக்கம் நகரும். ஈடுகட்ட எதுவும் இல்லாவிட்டால் ஒரு நொடிகூட ஆகாமல் மின்னழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, சுமார் 190 மில்லிவோல்ட்டில் நொதி தானாகவே நின்றுவிடும். அதைத் தடுப்பது எச்வி1 என்ற புரோட்டான் வழி. மின்னழுத்தம் ஏறினால் திறக்கும், புரோட்டானை மட்டும் விடும். மின்சுமை சமமாகிறது, என்ஏடிபிஎச் எலெக்ட்ரான்களைக் கொடுப்பதால் உள்ளே சேரும் அமிலம் வெளியேறுகிறது, போன புரோட்டான்கள் பைக்குள் சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றப் பயன்படுகின்றன. ஒரே கல்லில் மூன்று மாங்காய்! இந்த வகைப் புரோட்டான் மின்னோட்டம் முதலில், 1982-இல், பதிவானது நத்தையின் நரம்புச் செல்களில். நத்தை நரம்புக்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்கும் நிதிக்குழுக்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

அப்புறம் மைலோபெராக்ஸிடேஸ் என்ற இன்னொரு நொதி வந்து பெராக்ஸைடையும் குளோரைடையும் சேர்த்து, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்குகிறது. சீழின் லேசான பச்சை நிறம் இந்த நொதியுடையதுதான்.

நாக்ஸ்2 மரபணு பழுதானால் வெள்ளையணு கிருமியை விழுங்கும், கொல்லாது. இதுதான் நாட்பட்ட கிரானுலோமா நோய். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகள் பலர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். மரபணுவை அடையாளம் கண்டது 1986-இல்.

ஆகவே ‘ஃப்ரீ ராடிக்கலை ஒழிப்போம்’ என்று விற்கும் மாத்திரைகள்மேல் எனக்கு மரியாதை இல்லை. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த சோதனையில், ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் என்று நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது (1994). காரணம் இந்த நொதி என்று சொல்ல வரவில்லை. கூடினால் நல்லது என்ற கணக்கு செல்லுக்குப் பொருந்தாது என்கிறேன். தைராய்டிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த டியுவாக்ஸ்2 பெராக்ஸைடு தயாரிக்கிறது. அந்தப் பெராக்ஸைடு வேண்டிய அளவு கிடைக்காவிட்டால் அயோடின் ஹார்மோனில் சரிவர ஏறாது. அந்த மரபணு பழுதான குழந்தைகள் தைராய்டு குறைபாட்டோடு பிறக்கலாம்.