தலைக்குள் எவ்வளவு சூடு? தண்ணீரே சொல்லும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தம்பிக்குப் பல வருஷமா வலிப்பு. மாத்திரை மாத்தி மாத்திப் பாத்தாச்சு. ஸ்கேன்ல மூளையில தழும்பு இருக்காம். மண்டையைத் திறக்காம லேசர்ல சுட்டுடலாம்னு சொல்றாங்க. பக்கத்துல இருக்கிற நல்ல மூளையும் சேந்து வெந்துடாதா?"

நியாயமான பயம்தான். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை கேட்பதில்லை. அவர்களில் பலருக்குத் தழும்போ, பிறவிக் கோளாறோ, சின்னக் கட்டியோ உள்ள ஓர் இடம்தான் தாறுமாறான மின்துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து அதை வெட்டி எடுப்பார்கள். இப்போது சில மில்லிமீட்டர் துளை போட்டு, சன்னமான லேசர் இழையை அந்த இடம் வரை செலுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சித் திசு சூடாகிறது. குழந்தைகளின் வலிப்புக்கு இப்படிச் செய்ததை ஹூஸ்டன் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டார்கள்.

லேசர் பெரிய விஷயமில்லை. எங்கே எத்தனை டிகிரி என்று வெளியிலிருந்தே பார்க்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். தலைக்குள் தெர்மாமீட்டர் கிடையாது. நோயாளி எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூளையில் பெரும்பகுதி நீர். எம்ஆர்ஐ காந்தத்துக்குள் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுழல்கின்றன, 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தில் விநாடிக்குச் சுமார் 6 கோடியே 39 லட்சம் தடவை. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. அண்டை மூலக்கூறின் ஆக்சிஜன், ஹைட்ரஜனைப் போர்த்தியிருக்கும் எலக்ட்ரான் மேகத்தைக் கொஞ்சம் விலக்கிவிடுகிறது. சூடு ஏறினால் பிடி தளரும், மேகம் திரும்பி வந்து அணுக்கருவை மூடும். மூடிய கருவுக்குக் காந்தப்புலம் துளி குறைவாக எட்டும். சுழற்சியும் துளி மந்தமாகும். எவ்வளவு தெரியுமா? ஒரு டிகிரிக்கு, அந்த 6 கோடியே 39 லட்சத்தில் 0.64 தடவை. முழுசாக ஒரு சுற்றுகூட இல்லை! சூடேற்றும் முன் எடுத்த படத்தோடு, பிறகு சில விநாடிக்கு ஒன்றாக எடுக்கும் படங்களை ஒப்பிட்டால் இந்த மாற்றம் பிடிபடும். திரையில் வெப்பம் வண்ண வரைபடமாக விரியும். கொழுப்பில் இந்த வித்தை பலிக்காது, அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை.

சூட்டைப் பொறுத்து நீரின் இந்த அதிர்வெண் நகர்வதை ஹிண்ட்மன் என்ற வேதியியலாளர் 1966இல் அளந்தார். எம்ஆர்ஐ என்ற கருவியே அப்போது இல்லை. 1995இல்தான் அது வெப்பப் படமாயிற்று. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்கும் நம் ஊர்க் குழுக்கள், தண்ணீரைச் சூடாக்கி அளக்க அன்றைக்கு ஒரு ரூபாய் கொடுத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வெப்பம் தெரிந்தால் மட்டும் போதாது, நேரமும் கணக்கில் வரவேண்டும். மேட்டுப்பாளையத்தில் வேகும் பருப்பு கோத்தகிரியில் திறந்த பாத்திரத்தில் அடம் பிடிக்கும். மலை உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குச் சற்று முன்பின் கொதித்துவிடுகிறது. ஐந்தாறு டிகிரி குறைந்ததற்கே அடுப்பில் அவ்வளவு நேரம் கூடுகிறது. சூடு சற்று மாறினாலே வினையின் வேகம் வெகுவாக மாறும் என்பது அர்ஹீனியஸ் கணக்கு. செல்லின் சாவும் அதன்படிதான் நடக்கிறது: 60 டிகிரியைத் தாண்டினால் உடனடியாக, 45 டிகிரிக்குப் பக்கத்தில் என்றால் மெதுவாக. கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் சூட்டையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, எது வெந்தது, எது தப்பியது என்று காட்டும். பார்வை நரம்புப் பாதை போன்ற இடங்களில் முன்பே எல்லை குறித்துவைப்பார்கள். அங்கே சூடு வரம்பைத் தொட்டால் லேசர் தானே அணைந்துவிடும். நுனியருகே நீர் ஆவியாகும் அளவுக்கும் சூட்டை விடமாட்டார்கள்.

இதனால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. ரத்தக்கசிவோ பார்வையில் குறையோ சிலருக்கு வருகிறது. பெரிய தழும்பானாலோ, வலிப்பு பல இடங்களிலிருந்து கிளம்பினாலோ இது உதவாது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் உள்ள தழும்பில் பாதிப்பேர் அளவுக்கு வலிப்பு நிற்கிறது. திறந்து செய்யும் அறுவையில் இன்னும் கொஞ்சம் அதிகம். வலிப்பு நின்றாலும் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது.

வீட்டில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிக்கும் வழக்கத்தை இன்னுமா விடவில்லை? எம்ஆர்ஐ அறை வாசலில் முதலில் பிடுங்கி வைப்பதே அந்தச் சாவியைத்தான். ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். கொண்டை ஊசி வளைவுகள் இறங்க நேரம் பிடிக்கும் என்பதால், மலையில் இருப்பவர்கள் அதுவரைகூடக் காத்திராமல் 108க்குச் சொல்லிவிடுவது நல்லது.