விருது வாங்கிய வீட்டின் படத்தோடு வருபவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்து வீடு கட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இப்போது காணி வரைபடத்துக்கு முன்னமே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். "தம்பி, விருது எடுத்த வீடாம். இதை மாதிரி ஒண்டு கீறித் தாங்கோ." தட்டையான கொங்கிறீற் கூரை, நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி, வெள்ளைச் சுவர். படம் வடிவாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொறியியலாளராக வேலை செய்யும் நான் அந்தப் படத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஏன் விருது கொடுத்தார்கள் என்று முதலில் தேடிப் பார்ப்போம் என்பேன். அநேகமாகப் படத்தில் தெரியாத ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ஆகா கான் கட்டடக்கலை விருதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். கட்டி முடித்துக் குறைந்தது ஒரு வருடமாவது ஆட்கள் பாவித்த கட்டடத்தைத்தான் எடுப்பார்கள். ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பரிசுப் பணத்தில் கட்டடக் கலைஞரோடு கைவினைஞர்களுக்கும் கட்டியவர்களுக்கும் பங்கு போகும். படம் பார்த்து மயங்குவதற்கு அங்கே இடமே இல்லை.

எங்கள் ஊருக்கு மிக நெருக்கமான பாடம் வங்கதேசத்தில் இருக்கிறது. சாத்கிரா மாவட்டத்தில் காஷெப் சவுத்ரி வடிவமைத்த பிரண்ட்ஷிப் மருத்துவமனை, 80 கட்டில்கள் கொண்டது. பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் 2021ஆம் ஆண்டுச் சர்வதேசப் பரிசை அதுதான் வாங்கியது. செங்கல் கட்டடம், ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் உவர். கடல் ஏறுவது ஒரு காரணம், இறால் பண்ணைகள் இன்னொரு காரணம். ஆகவே வளவுக்குள் விழும் மழையை எல்லாம் பிடிக்கிறார்கள். நடுவே வளைந்து நெளிந்து ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கூரைகளிலிருந்தும் முற்றங்களிலிருந்தும் வடியும் நீரை அது சேர்க்கிறது. வெளிநோயாளர் பகுதியையும் விடுதிகளையும் பிரிப்பதும் அதே வாய்க்கால்தான். காற்று அதன்மேல் தவழ்ந்து வருவதால் கொஞ்சம் குளிர்ச்சியும் கிடைக்கிறது. ஒரு வாய்க்கால், மூன்று வேலை.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும்தான் ஓடும். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கும் மழைநீர். அந்த நன்னீர், கடலிலிருந்து ஊறிய உவர்நீருக்கு மேலே ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே வரும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீள்வதற்குப் பல மாரிகள் செல்லும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் விழும் தண்ணீர் மட்டும் 111,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீண்போனாலும் கிட்டத்தட்ட 89,000 லீற்றர் மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 10 லீற்றர் போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசியிலிருந்து புரட்டாதி வரையான எட்டு மாதத்துக்கு 9,600 லீற்றர். அதாவது 10,000 லீற்றர் தொட்டி ஒன்றும், கூரையைச் சுற்றி நீரை ஏந்தும் ஒழுங்கான பீலியும், முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ள ஒரு சின்ன ஏற்பாடும் இருந்தால் காணும். மிச்சத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றடிக்கு விடலாம். நாங்கள் செய்வது என்ன? முற்றம் முழுக்கக் கல்லுப் பதித்து, மழைநீரைக் குழாய் வழியே றோட்டுக்கு அனுப்புகிறோம். அதே வீட்டுக்காரர் மறுவருடம் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்.

மலக்குழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிப் போட்டால் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். சுண்ணாம்புக் கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மணலைப் போல வடிகட்டாது. அடி திறந்த குழியிலிருந்து கழிவு நேராகப் பக்கத்துக் கிணற்றுக்கே போகலாம். இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் மலக்குழியும் வரும்போது, அயலவருடைய கிணறு எங்கே என்று எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நீர் கசியாத செப்ரிக் தொட்டி கட்டுங்கள். வெளியேறும் நீரை ஆழமான குழியில் விடாமல், மேல்மண்ணில் பரவவிட்டு வாழை, கமுகுக்குக் கொடுங்கள். வெளிநாட்டுக் காசில் மாபிள் பதிக்கிற வீட்டில் இதற்கு மட்டும் கை சுருங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்தது வெக்கை. புர்கினா பாசோ நாட்டில் கண்டோ என்ற கிராமம். அங்கே பிறந்த பிரான்சிஸ் கேரே ஊராரைச் சேர்த்துக் கட்டிய ஆரம்பப் பள்ளிக்கூடம் 2004இல் ஆகா கான் விருது வாங்கியது. 2022இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசே கிடைத்தது. அந்தப் பள்ளியில் களிமண் கல்லால் உட்கூரை. அதற்கு மேலே இடைவெளி விட்டு உயர்த்திய தகரக் கூரை. தகரத்தில் ஏறும் சூட்டை அந்த இடைவெளியால் போகும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். வகுப்பறைக்குள் இறங்காது.

எங்கள் பழைய ஓட்டு வீடுகளும் இதே வழியில்தான் வேலை செய்தன. உயர்ந்த முகடு, பனங்கைமரம், ஓட்டு இடுக்கால் வெளியேறும் சூடு, வெயில் சுவரில் படாமல் காக்கும் விறாந்தை, நடுவில் முற்றம். வெறும் கொங்கிறீற் கூரை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, நாங்கள் படுக்கிற நேரத்தில் கீழே விடுகிறது. அப்புறம் ஏசி பூட்டுகிறோம். பிறகு மாடி கட்ட வேண்டும் என்பதற்காகக் கொங்கிறீற் போடுபவர்கள், அதன்மேல் இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரையாவது போடுங்கள். நாலு பக்கமும் அடைக்காதீர்கள். யன்னல்களைச் சோளகக் காற்றும் வாடைக் காற்றும் வீட்டுக்குள் புகுந்து போகும்படி வையுங்கள். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி கேட்கிற எவருக்கும் நான் உடனே ஓம் சொல்வதில்லை.

படத்தில் ஒருபோதும் தெரியாதது உப்பு. காரைநகர், குருநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கரையோரங்களில் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கொங்கிறீற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருவதை அடிக்கடி பார்க்கிறேன். காற்றிலிருந்து மட்டுமல்லாமல், கழுவாத கடற்கரை மணலோடும் உவர்க் கிணற்றுத் தண்ணீரோடும் உப்பு உள்ளே போகிறது. கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கொங்கிறீற்றாவது இருக்க வேண்டிய இடத்தில், சல்லிக்கல் ஒன்றை அண்டக் கொடுத்துவிட்டுக் கொட்டுகிறார்கள். பிறகு தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதும் இரண்டு நாளோடு நின்றுவிடுகிறது. ஏழு நாளாவது வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரால்.

இதற்கெல்லாம் பழகிய கைகள் வேண்டும். தெற்கே அம்பேபுஸ்ஸ இராணுவ முகாமில் மிலிந்த பத்திராஜவும் கங்கா ரத்நாயக்கவும் வடிவமைத்த சமூக நூலகம், நிலைபேறான கட்டுமானத்துக்கான உலகளாவிய ஹொல்சிம் வெள்ளி விருதை 2015இல் பெற்றது. போருக்குப் பிறகு, கட்டட வேலை தெரியாத இளம் சிப்பாய்களுக்கு மண்ணை இடித்துச் சுவர் எழுப்பப் பழக்கி, அவர்களைக் கொண்டே கட்டினார்கள். இராணுவ முகாமின் நூலகத்தைப் பாராட்ட நம்மில் பலருக்கு மனம் வராது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கட்டும்போதே தொழில் பழக்கலாம் என்ற அந்த வழி எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. இங்கே மேசன் வேலை பழகப் பொடியள் வருவது குறைந்துவிட்டது. வருகிறவர்களுக்கும் யாரும் நிதானமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பெரிய வேலை ஒன்றைக் கொடுக்கும்போது, இரண்டு பொடியளைப் பழக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஊரை விட்டுவிட்டு வரும் திட்டங்களையும் பார்த்துவிட்டோம். வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தருவதாக 2016இல் ஒரு பேச்சு எழுந்தது. ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. வெக்கை, துரு, அத்திவாரம், பழுதுபார்ப்பு என்று பொறியியலாளர்கள் ஒன்றொன்றாகக் கேள்வி கேட்டார்கள். அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை. அதற்கு முன் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்து, தங்கள் வீட்டைத் தாங்களே கட்ட விட்டார்கள். அந்தக் காசு போதாமல் கடன்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனாலும் கல்லைத் தெரிவுசெய்ததும் மேசனைப் பிடித்ததும் அவர்களே. உடைந்தால் திருத்தவும் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது.

கட்டியபின் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், 25 வருடம் தாக்குப்பிடித்த கட்டடங்களுக்கென்றே தனியாக ஒரு விருது வைத்திருக்கிறது. எங்கள் நகரின் பண்பாட்டு மையத்துக்கு 2015இல் அடிக்கல் வைத்தார்கள். 2023இல்தான் மக்கள் கைக்கு வந்தது. நடத்தும் செலவை யார் தாங்குவது என்பது அந்த இடைக்காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. வீட்டுக்கும் இதே கணக்குத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மாவும் அப்பாவும் மட்டும் ஊரில் என்றால், உயரத்தில் இருக்கும் கண்ணாடியை யார் துடைப்பது, பீலிக்குள் விழும் சருகை யார் எடுப்பது?

ஆகவே படம் அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்புங்கள். அதோடு இன்னும் மூன்று விபரம் சேர்த்து அனுப்புங்கள்: உங்கள் கிணறும் அயலவர் கிணறுகளும் எங்கே இருக்கின்றன, புரட்டாதியில் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது, அந்த வீட்டில் ஆண்டு முழுக்க இருக்கப்போவது யார். பிளான் கீறுவதை அதிலிருந்து தொடங்குவோம். வேலை நடக்கும்போது கம்பி கட்டி முடிந்ததும், கொங்கிறீற் கொட்ட முதல், ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொட்டிய பிறகு கூப்பிட்டால் எங்களால் மேல்பூச்சை மட்டும்தான் பார்க்க முடியும்.