மரங்களுக்கு இடையே தீவனப்புல்: அரசு உதவி எந்த வழியில் வரும்?

மானாவாரி நிலத்தில் மாவோ புளியோ நெல்லியோ வைத்தவர்களுக்கு, மரம் காய்ப்புக்கு வரும்வரை வரிசைகளுக்கு இடையே கிடக்கும் நிலம் வருமானம் தருவதில்லை. அந்த இடத்தில் கால்நடைத் தீவனம் வளர்ப்பதற்கான அரசு உதவி வெவ்வேறு வழிகளில் வருகிறது. அவற்றைப் பிரித்து அறியாததால் தகுதியுள்ள பலர் தவறான விண்ணப்பத்தில் காலத்தை இழக்கிறார்கள்.

முதலாவது, ஒன்றிய அரசின் தேசியக் கால்நடை இயக்கம். 2014-15இல் தொடங்கி 2021-22இல் திருத்தியமைக்கப்பட்ட இந்தத் திட்டத்தில், 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலுடன் ஒரு புதிய கூறு சேர்ந்தது. தரிசு, மேய்ச்சல் நிலம், சாகுபடிக்கு உதவாத நிலம், சீரழிந்த காட்டு நிலம் ஆகியவற்றில் தீவனம் வளர்க்க மாநில அரசுகளுக்கு நிதி வழங்குவதே அது. இந்த நிதி மாநில அரசுக்கு உரியது. தனி விவசாயி தம் தோப்பைக் காட்டி இதில் கேட்க முடியாது.

அதே இயக்கத்தில் தனிநபர்கள், சுய உதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலியோர் பெறக்கூடியது தொழில்முனைவோர் மானியம். ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்), உலர்புல், தீவனக்கட்டி ஆகியவை தயாரிக்கும் அலகு அமைப்பதற்கான மூலதனச் செலவில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், இரு தவணைகளாகக் கிடைக்கும். நிலம் வாங்கவும் குத்தகைக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் இதைப் பயன்படுத்த இயலாது. எனவே ஓரிரு ஏக்கர் தோப்பு மட்டும் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. பல தோப்புகளின் புல்லைச் சேர்த்துப் பதப்படுத்த முன்வரும் குழுவுக்கே பொருந்தும்.

சொந்தத் தோப்பில் ஊடுபயிராகத் தீவனம் வளர்க்க விரும்பும் தமிழ்நாட்டு விவசாயி அணுக வேண்டியது கால்நடை பராமரிப்புத் துறையின் மாநிலத் தீவன அபிவிருத்தித் திட்டத்தை. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரிடம் விண்ணப்பிக்கலாம். மானியத் தொகையும் பரப்பளவு வரம்பும் ஆண்டுதோறும் அரசாணையைப் பொறுத்து மாறுவதால், பாசன வசதி தேவையா என்பதையும் சேர்த்து, விதை வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

எதை விதைப்பது என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் விளைச்சல் மிகுந்தது என்றாலும், தண்ணீர் இல்லாத நிலத்தில் அதை நட்டு ஏமாறக் கூடாது. வறட்சிக்குக் கொழுக்கட்டைப் புல்லும், பயறுவகைத் தீவனப்பயிரான முயல் மசாலும் ஏற்றவை. புல் மூன்று வரிசைக்கு முயல் மசால் ஒரு வரிசை என விதைத்தால் தீவனத்தில் புரதம் கூடும், மண்ணில் தழைச்சத்தும் சேரும். முயல் மசால் விதையின் தோல் கடினமானது என்பதால், சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் இட்டு வடித்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். மரநிழல் அடர்ந்து, ஓரளவு நீரும் இருந்தால் கினியாப்புல் தாக்குப்பிடிக்கும்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களின் கீழே கொழுக்கட்டைப் புல் வளர்த்துக் காங்கேயம் மாடுகளை மேய்ப்பது தலைமுறைகளாக நடந்துவருகிறது; மானியத் திட்டங்கள் எதுவும் வருவதற்கு முன்பே இந்த முறை அங்கே வேரூன்றியிருந்தது. ஆனால் அங்கு மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. இளம் பழக்கன்றுகள் உள்ள தோப்பில், ஆடு எட்டாத உயரத்துக்குக் கன்று வளரும்வரை மேயவிடாமல், புல்லை அறுத்தெடுத்துத் தொழுவத்தில் போட வேண்டும்; கன்றின் தூரைச் சுற்றிப் புல் இல்லாத வட்டமும் விட வேண்டும்.