அங்கே நான்கு செடிக்கு அனுமதி உண்டு. சிங்கப்பூரர் புகைக்க அனுமதி இல்லை

கனடாவிலோ ஜெர்மனியிலோ படிக்கப் போன பிள்ளை, அங்கே வீட்டுக் கொல்லையில் கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று சொன்னால் அது பொய்யல்ல. சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ அந்தச் செடியிலிருந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாலும் சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம் என்பதும் பொய்யல்ல. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் அலுவலக முகப்பு எதையும் நான் பார்த்ததில்லை. அங்குள்ளவர்கள் முதல் பாதியைச் சொல்கிறார்கள், இங்குள்ள சுவரொட்டிகள் இரண்டாம் பாதியைச் சொல்கின்றன, நடுவில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பெற்றோர் சட்டத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 8ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் உட்கொள்வதைத் தடைசெய்யும் விதி, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டிலும் பொருந்தும் என்று அது சொல்கிறது. சிங்கப்பூரில் உட்கொண்டால் என்ன தண்டனையோ அதுவேதான் அங்கே உட்கொண்டதற்கும் கிடைக்கும். அது 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நாட்டில் அது குற்றமா இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படியானது. ஒரு வீட்டுக்கு நான்கு செடி என்பது மத்தியச் சட்டத்தின் கணக்கு. ஒரு ஆளுக்கு நான்கு என்று தவறாகப் புரிந்துகொள்பவர்கள்தான் அதிகம். ஒரே வீட்டை ஐந்து மாணவர்கள் பகிர்ந்துகொண்டாலும் மொத்தம் நான்குதான், ஆகவே மாடி அறைக்காரர் ஏற்கெனவே மூன்று வைத்திருந்தால் உங்கள் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்று. குவிபெக் மாநிலம் வீட்டில் வளர்ப்பதை அடியோடு தடைசெய்திருக்கிறது, அந்தத் தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றமே 2023இல் தீர்ப்பளித்தது. மாண்ட்ரியலுக்குப் போகும் பிள்ளையிடம் டொராண்டோ நண்பர் சொல்லும் யோசனை செல்லாது. வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஆல்பர்ட்டாவில் 18, குவிபெக்கில் 21, மற்ற மாநிலங்களில் 19. இவை எல்லாம் சரியாக இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் தடை எழுதிவைத்திருக்கலாம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

செடி நான்கைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கனடாக் குடிமகன் ஒருவர் பார்ப்பதுபோல் மாணவர் அனுமதியில் இருப்பவர் பார்க்க முடியாது. சிறிய மீறல் அபராதச் சீட்டோடு போகலாம். ஆனால் வழக்காகி, குற்றம் உறுதியானால், அனுமதியில்லாமல் வளர்ப்பதற்கான உச்சத் தண்டனை அங்கே 14 ஆண்டு. உச்சத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தைக் கனடாவின் குடிநுழைவுச் சட்டம் கடுமையான குற்றம் என்றே வகைப்படுத்துகிறது. நீதிபதி உண்மையில் விதித்தது வெறும் அபராதமாக இருந்தாலும், குடிநுழைவு அதிகாரி பார்ப்பது உச்சத் தண்டனையைத்தான். படிப்பு பாதியில் நிற்கும்.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர் ஒருவர் மூன்று செடி வரை வளர்க்கலாம். இதில் பலர் கவனிக்காத நிபந்தனை, குறைந்தது ஆறு மாதமாவது அந்த நாட்டில் வசிப்பிடம் இருக்க வேண்டும் என்பது. செப்டம்பரில் போய் இறங்கி, வசந்தம் வருமுன் விதை போட்டுவிட்டு, சட்டம் அனுமதிக்கிறதே என்று சொன்னால் எடுபடாது. ஒரு பருவத்துக்கு மட்டும் பரிமாற்ற மாணவராகப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எப்படி வளர்ப்பது என்று இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. ஆனால் கனடாவின் பருவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழக்கே அந்தப் பருவத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கனடாவின் தென்பகுதியில் மே மாதக் கடைசியில்தான் உறைபனி பயம் விலகிச் செடிகளை வெளியே வைக்க முடிகிறது. கஞ்சா பகல் குறையக் குறையப் பூக்கும் செடி, ஆகவே ஆகஸ்டில் மொட்டுக் கட்டி, செப்டம்பர்க் கடைசியிலோ அக்டோபரிலோ, அடுத்த உறைபனிக்கு முன் அறுவடைக்கு வருகிறது. வெட்டிக் காயவைத்து, முதல் முறையாக வளர்த்த பெருமையில் ருசி பார்க்கும் காலம் அக்டோபரும் நவம்பரும். அடுத்த மாதம் டிசம்பர் விடுமுறை. பிள்ளை சாங்கியில் வந்து இறங்குகிறான்.

சிறுநீரில் கஞ்சாவின் தடயம் சில நாள் இருக்கும், அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்குச் சில வாரம்கூட இருக்கும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஆகவே மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். சிறுநீர், தலைமுடி இரண்டையும் கேட்க அதிகாரிகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. தக்க காரணமின்றி மறுத்தால் அதுவே தனிக் குற்றம். வக்கீல் வரும்வரை தரமாட்டேன் என்று சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரைகளை நம்ப வேண்டாம்.

சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். சிறுநீர் மாதிரியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். ஒன்றை முதலில் கருவியில் சோதிப்பார்கள், மற்ற இரண்டையும் குறியிட்டு முத்திரை வைத்து, சுகாதார அறிவியல் ஆணையத்தில் இரண்டு வெவ்வேறு ஆய்வாளர்களுக்கு அனுப்புவார்கள். இருவரின் முடிவும் தடயம் இருப்பதாக வந்தால், அந்த ஆள் குற்றமாகவே உட்கொண்டார் என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவருடைய பொறுப்பு. அறைத்தோழன் புகைத்தான், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொல்வது எளிது, நிரூபிப்பது எளிதல்ல.

சிலர் சட்டத்தைப் படித்துவிட்டு, 8ஏ பிரிவு உட்கொள்வதைப் பற்றித்தானே பேசுகிறது, வளர்த்து மட்டும் கொள்கிறேனே என்று வாதிடுகிறார்கள். பிரிவு அப்படித்தான் பேசுகிறது என்பது சரியே. ஆனால் கொல்லையில் ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ருசி பார்க்காமல் அப்படியே மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று மேற்சொன்ன ஊகத்துக்கு எதிராக நின்று நிறுவ முடியுமா என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளட்டும். சிங்கப்பூரில் வளர்ப்பதற்கோ வாதமே கிடையாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரிக்குள் விளக்கு மாட்டி ஒரே ஒரு செடி வளர்த்தாலும் 20 ஆண்டு வரை சிறை, 40,000 வெள்ளி வரை அபராதம்.

நான் சிங்கப்பூரர் இல்லையே என்று நினைப்பவர்கள்தான் இதில் மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். தாய் சிங்கப்பூரர், பிள்ளை டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவன், கனடா பாஸ்போர்ட்டில் பயணம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது வம்சாவளிக் குடியுரிமைக்குப் பதிவு செய்திருந்தால் அவன் சிங்கப்பூர்க் குடிமகனும்கூட. 21 வயதான பிறகு 12 மாதத்துக்குள் விசுவாச உறுதிமொழி எடுக்காவிட்டால்தான் 22 வயதில் அந்தக் குடியுரிமை போகும். ஆக, அங்கே சட்டப்படி புகைக்கத் தகுதி பெறும் 19 வயதில் அவன் இங்கே முழுக் குடிமகன். தாத்தா பாட்டியைப் பார்க்க வரும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை.

கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கும் இதே கண்ணிதான். அங்கே உறுதிமொழி எடுத்த நாளோடு சிங்கப்பூர்க் குடியுரிமை தானாக உதிர்ந்துவிடுவதில்லை. முறைப்படி துறந்து, அது பதிவாகும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் சிங்கப்பூரர்தான். நிரந்தரவாசிகள், வெளிநாட்டில் இருக்கும்போதும் தங்கள் தகுதியைக் காக்கும் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு வான்கூவருக்குப் போய்ச் சில ஆண்டாகிவிட்டது, நிரந்தரவாசிக்கான நீல அடையாள அட்டை எங்கோ அலமாரியில் கிடக்கிறது என்பதற்காக நிரந்தரவாசத் தகுதி முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. அனுமதி நடப்பில் இருக்கும்வரை 8ஏ பிரிவும் நடப்பில் இருக்கிறது.

இந்தத் தகுதிக் கேள்வியைக் கேட்கப் போனால் அலைச்சல் தொடங்கும். குடியுரிமை நிலவரத்தைச் சொல்லும் முகப்பில் போதைப்பொருளைப் பற்றிக் கேட்டால் அது எங்கள் வேலையில்லை என்பார்கள். போதைப்பொருளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் குடியுரிமை நிலவரத்தை அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது அவரவர் வரையில் சரியே, கேட்டவர்தான் நடுவில் நிற்கிறார். ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் கஞ்சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்ன தேதியில் இந்த ஆளின் குடியுரிமை அல்லது நிரந்தரவாச நிலை என்ன என்று மட்டும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால் வக்கீலிடம் பேச வேண்டிய நேரம் பாதியாகக் குறையும்.

ஊர் திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அடுத்தது. கனடாவில் பொது இடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் கடத்துவதற்கே வைத்திருக்கிறார் என்று சட்டம் ஊகிக்கும், 500 கிராமுக்கு மேல் கடத்தியதோ கொண்டுவந்ததோ நிரூபணமானால் மரண தண்டனை வரை போகும். அங்கே சட்டைப்பையில் சாதாரணமாக இருப்பது இங்கே எத்தனை மடங்கு பெரிய வழக்கு என்று பாருங்கள். கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம்தான், அதனால் விமான நிலையத்தில் அங்கே விட்டுவிட்டார்களே என்பது எதற்கும் சான்றாகாது. மிட்டாய், சாக்லெட், வலிக்குத் தடவும் எண்ணெய் என்று எந்த வடிவில் இருந்தாலும் கஞ்சாவின் சாறு சேர்ந்திருந்தால் கஞ்சாதான். செடியின் எந்தப் பாகமும் கஞ்சா என்றே சட்டம் வரையறுப்பதால், நினைவுப் பொருளாக விதைப் பொட்டலம் எடுத்துவருவதும் வேண்டாம்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தது என்ற கடிதமும் காப்பாற்றாது. கனடா மருத்துவரின் சீட்டு சிங்கப்பூரில் அனுமதியாகாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து எதையும் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், வருவதற்குக் குறைந்தது 10 வேலை நாளுக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கி அதிகாரியிடம் விளக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு விளக்க நேரம் நிறையக் கிடைக்கும், வேறோர் அறையில்.

எப்படி வளர்ப்பது என்று சொல்லாததற்கு மேலே தள்ளிவைத்த காரணம் இதுதான். ஒருவர் போதைப்பொருள் குற்றம் செய்ய எண்ணியிருக்கிறார் என்று தெரிந்தோ நம்பியோ, அதற்கான வழிமுறையைக் கற்றுக்கொடுப்பதும் தகவல் தருவதும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் தனிக் குற்றம். அங்கே கொல்லையில் செடி வைத்திருக்கும் தம்பி, இங்கே ஈசூனில் இருக்கும் நண்பன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்பதற்காக மண், உரம், விளக்கு என்று விவரமாகச் செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியே அவனுக்கு எதிரான சான்றாக மாறலாம். பெருமைக்குப் போடும் படங்களும் அப்படித்தான். கைப்பேசியைப் பார்ப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிமார்களுக்கு 8ஏ பிரிவு பொருந்தாது, ஏனென்றால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பியவுடன் எடுத்த சிறுநீரில் தடயம் இருந்தால், மேலே சொன்ன ஊகம் அவர்கள் மேலும் பாயும். ஊரில்தான் உட்கொண்டேன் என்று நிரூபிக்கும் சுமை அவர்களுடையது, அதற்குள் வேலை அனுமதி ரத்தாகி முதலாளியும் கைவிட்டிருப்பார். திருவிழாக் கூட்டத்தில் யாரோ கொடுத்த கஞ்சா உருண்டை என்று சொல்லி வேலையைத் திரும்ப வாங்கியவரை நான் அறியேன்.

ஏற்கெனவே புகைத்துவிட்ட பிள்ளை அங்கேயே இருந்தால், அவசரப்பட்டு டிசம்பர்ச் சீட்டு எடுக்காமல், முதலில் சிங்கப்பூர்க் குற்றவியல் வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். பழக்கமாகவே ஆகிவிட்டதென்றால், தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவரையும் பிடிபட்டவரையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதை வக்கீலிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்த வேறுபாடு பிடிபடுவதற்கு முன்னால் மட்டுமே பயன்படும். வக்கீலைப் பார்க்கும்போது பிள்ளையின் பாஸ்போர்ட் நகல்கள், அடையாள அட்டை, மறுநுழைவு அனுமதி அல்லது குடியுரிமைக் கடிதம், அங்குள்ள வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிள்ளை என்ன செய்தான் என்ற விவரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல், வக்கீலிடம் அவனே நேரடியாகப் பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள்.