உடல்திரிபுத் திகில்

ஆங்கிலத்தில் ‘பாடி ஹாரர்’ எனப்படும் திகில்கதை வகையை ‘உடல் திகில்’ என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. பயத்தில் உடம்பு நடுங்குவதையும் அப்படிச் சொல்லிவிடலாமே! அந்த ஆங்கிலச் சொல் குறிப்பது, நம் உடம்பே நமக்கு அந்நியமாகிப்போகிற பயத்தை.

2008-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஃபிரிஞ்ச்’ என்ற அறிபுனை மர்மத் தொடரின் முதல் பகுதியைப் பாருங்கள். ஹாம்பர்க்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானம். ஒரு பயணி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். சற்று நேரத்தில் அவர் சதை உருகி வழிகிறது. பிறகு மற்றவர்களுக்கும் அதே கதி. இதைத் துப்பறியப் போன அதிகாரி ஜான் ஸ்காட் மீது ரசாயனம் பட, அவர் தோல் கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் தசையும் நாளங்களும் தெரிகின்றன. யாரும் அவரைத் துரத்தவில்லை. படுக்கையில் அசையாமல் கிடக்கிறார். ஆனாலும் நம்மால் கண்கொண்டு பார்க்க முடிவதில்லை.

‘ஹாரர்’ என்பதன் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்றல் என்று பொருள். நம் மயிர்க்கூச்செறிதலேதான். ‘பாடி ஹாரர்’ என்ற வகைப்பெயருக்குத் தொடக்கமாக, ஆஸ்திரேலியரான பிலிப் பிராஃபி 1983-ல் எழுதிய கட்டுரையைச் சுட்டுவது வழக்கம்.

தமிழில் இதற்கு இடம் தேடினால் உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குத்தான் போகவேண்டும். அச்சம் பிறக்கும் இடங்கள் அங்கே நான்கு: அணங்கு (தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், இறை (அரசன் முதலிய தலைவர்). நான்குமே வெளியிலிருந்து வருபவை. இளிவரலுக்கு, அதாவது அருவருப்புக்கு, சொன்ன நான்கில் மூப்பும் பிணியும் உண்டு. அவை நம் உடம்புக்குள்ளேயே இருப்பவை. விமானக் காட்சி நமக்குத் தருவது அச்சமும் இளிவரலும் பின்னிய உணர்ச்சி. பேய்ப்படப் பயத்திலிருந்து இதைப் பிரித்துக்காட்ட இதைவிடத் தெளிவான கோடு எனக்குக் கிடைக்கவில்லை.

என் பெயரில் உள்ள ‘திரிபு’ என்ற சொல்லும் தொல்காப்பியத்திலிருந்தே. சொற்கள் சேரும் புணர்ச்சியில் எழுத்து திரியும் வகைகளைத் தொல்காப்பியர் ‘மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல்’ என்கிறார். அவர் சொன்னது மெய்யெழுத்தை. ஆனால் மெய் என்றால் உடம்பும்தானே! வேறாவது, கூடுவது, குறைவது என்று இந்த வகைக் கதைகளில் உடம்புக்கு நேர்வதும் இதுதான். ‘மெய்த்திரிபு’ என்றே வைக்கலாம். ஆனால் இலக்கணம் படித்தவர் எழுத்தென்றும், மற்றவர் உண்மைத் திரிபென்றும் கொண்டுவிடுவார்கள். அதனால் ‘உடல்திரிபுத் திகில்’ என்கிறேன்.

வெறும் ரத்தக்களரிக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அதே தொடரின் இரண்டாம் பருவத்தில், பிறர் உருவத்தை எடுத்துக்கொள்ளும் ‘உருமாறி’ ஒருவன் வருகிறான். மும்முனைக் கருவியைக் கொலையுண்டவரின் மேலண்ணத்தில் குத்தி எடுக்கிறான். அது கொலை, அவ்வளவுதான். அதே கருவியைத் தன் வாய்க்குள் பொருத்திக்கொண்டு, செத்தவரின் முகத்தோடு நிமிர்கிறானே, அது உடல்திரிபுத் திகில்.