ஊருக்குள் ஓடும் தேசிய நெடுஞ்சாலை: பள்ளத்தை மூட வேண்டியது யார்?

எங்கள் ஊர் சர்வீஸ் ரோட்டில் வார்டுத் தெரு வந்து சேரும் இடத்தில் பத்தடி நீளத்துக்குத் தாரே இல்லை. நெடுஞ்சாலைக்காரர்கள் போட்ட தார் ஒரு கோட்டில் நிற்கிறது. நகராட்சி போட்ட சிமெண்ட் தளம் இன்னொரு கோட்டில் நிற்கிறது. நடுவில் ஜல்லி பெயர்ந்து பள்ளமாகி, மழை பெய்தால் ஆழம் தெரியாமல் தண்ணீர் தேங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூட்டியோடு விழுந்து மணிக்கட்டு உடைந்தது அங்கேதான். நகராட்சியில் கேட்டால் “அது என்.எச். லிமிட் சார்” என்றார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்தில் கேட்டால் “அது லோக்கல் பாடி” என்றார்கள்.

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டு பதிலும் பழக்கமானவை. ஆனால் சட்டம் இவ்வளவு குழப்பமாக இல்லை.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இல் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, தேசிய நெடுஞ்சாலை முழுவதும் ஒன்றியத்துக்கு, அதாவது மத்திய அரசுக்குச் சொந்தம் என்கிறது. அதில் வண்டி ஓடும் தார்ப்பரப்பு மட்டுமல்ல, ஒட்டியுள்ள நிலம், பாலம், சிறுபாலம், மரம், கம்பம், மைல்கல் எல்லாம் அடக்கம். 5-ஆம் பிரிவு, அதை மேம்படுத்தி நல்ல நிலையில் வைத்திருப்பது மத்திய அரசின் பொறுப்பு என்கிறது. அந்த வேலையை மாநில அரசும் செய்யலாம் என்று அறிவிக்கை மூலம் சொல்லவும் அதே பிரிவு இடம் தருகிறது.

அப்படியென்றால் நகராட்சியின் பங்கு? 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 12-ஆம் அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு எல்லாம் நகர்ப்புற உள்ளாட்சி செய்யக்கூடிய வேலைகளாக இருக்கின்றன. ஆனால் அந்த வேலைகளைக் கையில் கொடுப்பது மாநிலச் சட்டம். தேசிய நெடுஞ்சாலையோ, நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில், 23-ஆவது இனமாக இருக்கிறது. ஆக, தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்ட சாலை ஊர் நடுவே ஓடினாலும் அதன் தார்ப்பரப்பில் விழுந்த பள்ளம் நகராட்சியின் பள்ளம் ஆகாது. இதில் சந்தேகமே வேண்டாம்.

தகராறு எல்லாம் ஓரத்தில்தான், முதலில் வடிகால். நெடுஞ்சாலை வடிகால் மழைநீருக்காகக் கட்டப்பட்டது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வீட்டுக் கழிவுநீரும் ஓட்டல் தண்ணீரும் அதில்தான் வந்து விழுகின்றன. பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால், கழிவுநீரை விட்டது உங்கள் ஊர், நீங்களே அள்ளுங்கள் என்கிறது ஒரு பக்கம். வடிகால் உங்களுடையது, எங்கள் தூய்மைப் பணியாளர்களை எந்தக் கணக்கில் அனுப்புவது என்கிறது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் வடிவதில்லை. விளக்கு விஷயமும் இப்படித்தான். கம்பம் நட்டது ஒருவர், மின்கட்டணம் யார் தலையில் என்று முடிவாகாததால் மேம்பாலம் மாதக்கணக்கில் இருட்டில் கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டுவது மூன்றாவது. நெடுஞ்சாலை நிலத்தில் குழாய் பதிக்க உள்ளாட்சி முன்அனுமதி வாங்க வேண்டும், வெட்டிய சாலையைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். இந்தக் கணக்கு முடியாதவரை, வெட்டிய இடம் மண் மேடாகவே இருக்கும்.

இதில் இன்னொரு சுற்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை என்றாலே என்.எச்.ஏ.ஐ. என்று நினைக்கிறோம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அது. எல்லாத் தேசிய நெடுஞ்சாலையும் அதன் கையில் இல்லை. மற்ற பகுதிகளை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணத்தில், தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. அதனால் என்.எச்.ஏ.ஐ. அலுவலகத்தில் “எங்களுடையது இல்லை” என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு நேராக நகராட்சிக்குத் திரும்பிவிடாதீர்கள். நடுவில் ஓர் அலுவலகம் இருக்கிறது.

அதிகம் அவதிப்படுவது புறவழிச்சாலை வந்த ஊர்கள்தான் என்பது என் எண்ணம். பைபாஸ் திறந்ததும் லாரிகள் வெளியே போய்விடும். ஊருக்குள் இருக்கும் பழைய நெடுஞ்சாலையைத் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்து மாநிலத்திடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் அதை ஒருமுறை சீராக்கித் தர மத்திய அமைச்சகம் பணம் ஒதுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சீராக்கித் தந்தால்தான் வாங்குவோம் என்பது மாநிலத்தின் பேச்சு. எவ்வளவு பணம், எப்போது என்பதில் கோப்பு நகராமல் கிடக்கும். அந்த இடைவெளியில் பழைய சாலை யாருடைய பதிவேட்டிலும் முழுசாக இருக்காது. பஸ் ஸ்டாண்டும் அரசு ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான் இருக்கும் என்பதுதான் கொடுமை.

பதிவேட்டுக்கு எவ்வளவு பலம் என்பதை 2017-இல் பார்த்தோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. அதற்குப் பிறகு இங்கே நகர எல்லைக்குள் வரும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றும் முயற்சி நடந்தது. அப்படி மாற்றினாலும் மூன்று மாதத்துக்கு அங்கே கடை திறக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் உத்தரவிட்டது. சாலை அதே சாலைதான். ஆனால் பெயர் மாறினால் அதன் பராமரிப்புச் செலவும் வரி வருமானம் போதாத நகராட்சியின் தலையில் விழும். கடைக்காக அவ்வளவு வேகமாக நகர்ந்த கோப்பு, பள்ளத்துக்காக ஏன் நகர்வதில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சுங்கம் வாங்கும் சாலைகளில் நீதிமன்றங்கள் கண்டிப்பாகப் பேசியிருக்கின்றன. மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை மோசமாகக் கிடந்தபோது, அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. சேலம், கோவை வழியாகக் கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 544-இல், கேரளத்தின் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலை அம்மாநில உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தற்காலிகமாக நிறுத்தியது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது, அங்கும் மேல்முறையீடு தள்ளுபடியானது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண்ணும் ராஜ்மார்க் யாத்ரா செயலியும் உள்ளன. மாநிலச் சாலைக்கு ‘நம்ம சாலை’ செயலி. இரண்டிலும் பதில் வராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கலெக்டர் தலைமையில் இயங்குவது. தனித்தனியாகக் கைகாட்டும் அதிகாரிகள் ஒரே மேசையில் உட்காருவது அங்கேதான். அந்தக் குழுவில் வைக்கும்படி மனுவிலேயே எழுதுங்கள்.

விபத்தில் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. சாலைத் தரத்தைக் காக்கத் தவறிய அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்கு நேராக வராது, அரசின் நிதியத்துக்குப் போகும். புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.

எனக்குப் பயன்பட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டம். தப்பான அலுவலகத்துக்கு மனு போட்டாலும், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அதனால் பந்தை நாம் எடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. “ஏன் சாலை போடவில்லை” என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஆவணம் கேளுங்கள். இந்தக் கல்லிலிருந்து இந்தக் கல் வரை எந்த அலுவலகப் பதிவேட்டில் உள்ளது, கடைசியாக எந்தக் கணக்கில் செலவு செய்யப்பட்டது, ஒப்படைப்பு நடந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகல்.

எங்கள் பத்தடிக்கு அப்படித்தான் கேட்டேன். வந்த வரைபட நகலில் நெடுஞ்சாலை எல்லைக்கோடு, நகராட்சியின் சிமெண்ட் தளத்துக்கும் உள்ளே நான்கடி தள்ளி ஓடியது. அதை இணைத்துத் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். மூன்றாவது வாரம் ஒரு டிராக்டரில் ஜல்லிக் கலவை வந்து இறங்கியது. பள்ளம் மூடியாயிற்று, பக்கத்தில் இருக்கும் வடிகாலுக்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.