சொல் விளக்கம்: லோட் பேலன்சர் – சுமைப் பகிர்வி

ஒரே செயலியைப் பல வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடவிட்டு, வரும் கோரிக்கைகளை அவற்றுக்கிடையே பிரித்து அனுப்புவது லோட் பேலன்சர். எச்ஏபிராக்சி, என்ஜின்எக்ஸ், அப்பாச்சி வலை வழங்கியை டாம்கேட்டோடு இணைக்கும் மோட்_ஜேகே எல்லாம் இந்த வேலையைச் செய்பவை. பின்னால் நிற்கும் வழங்கிகளின் கூட்டத்தைக் கொத்து என்றும், அதில் ஒவ்வொன்றையும் கணு என்றும் சொல்லலாம்.

‘பேலன்ஸ்’ பிற்கால லத்தீனின் ‘பிலான்க்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘பி’ என்றால் இரண்டு, ‘லான்க்ஸ்’ என்றால் தட்டு; ஆக, இரட்டைத் தட்டுத் தராசு. ‘லோட்’ பழைய ஆங்கிலத்தில் ‘லாட்’. அதற்கு வழி, பயணம் என்ற பொருள்தான் முதலில். பாரம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கோரிக்கைக்கு வழிகாட்டும் கருவிக்கு அந்தப் பழைய பொருளே நன்றாகப் பொருந்துகிறது என்பது வேறு கதை.

தமிழில் ‘சுமை சமன்படுத்தி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் இது எதையும் சமன்படுத்துவதில்லை. முறைவைத்து அனுப்பினால் கோரிக்கைகளின் எண்ணிக்கைதான் சமமாகும். ஒன்று சின்னப் படத்தைக் கேட்கும், இன்னொன்று தரவுத்தளத்தையே புரட்டிப்போடும் அறிக்கையைக் கேட்கும். போதாததற்கு, மோட்_ஜேகேயில் ஒரு கணுவின் பங்கைக் குறிக்கும் ‘எல்பிஃபேக்டர்’ மதிப்பை ஒரு கணுவுக்கு 2, மற்றதற்கு 1 என்று கொடுத்தால் முதலாவதற்கு இரு மடங்கு வேலை போகும். தெரிந்தேதான் ஏற்றத்தாழ்வாகப் பிரிக்கிறோம். அதனால் ‘சுமைப் பகிர்வி’ என்பதே சரி. ‘சும’ என்ற வினையிலிருந்து சுமை. உலாவு உலாவியானது போல, பகிர்வு பகிர்வியாகிறது.

சமம் குலையும் இன்னோர் இடம் ஸ்டிக்கி செஷன், அதாவது ஒட்டு அமர்வு. உள்நுழைந்த பயனரின் அமர்வு, அதாவது அவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற குறிப்பு, ஒரு கணுவின் நினைவகத்தில் இருக்கும். அவருடைய அடுத்த கோரிக்கையும் அங்கேயே போக வேண்டும். ஜாவா செயலிகளை ஓட்டும் வழங்கியான டாம்கேட்டில் இதற்கு சர்வர்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பின் ‘என்ஜின்’ உறுப்பில் ‘ஜேவிஎம்ரூட்’ பண்புக்கு ‘கணு1’ போல ஒரு பெயர் தருகிறோம். அமர்வின் அடையாளத்தை உலாவியில் வைத்திருக்கும் ஜேசெஷன்ஐடி குக்கியின் வாலில் புள்ளி வைத்து அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பகிர்வி அந்த வாலைப் பார்த்து ஆளை அனுப்பும். கணுக்களைப் பட்டியலிடும், மோட்_ஜேகேயின் ஒர்க்கர்ஸ்.பிராப்பர்ட்டீஸ் கோப்பில் உள்ள பெயரும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிழைச்செய்தி எதுவும் வராது. பயனர் உள்நுழைவார், அடுத்த சொடுக்கில் மறுபடி உள்நுழைவுப் பக்கமே வந்து நிற்கும். ஒரே கணுவை மட்டும் ஓடவிட்டுச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்பதுதான் இதில் எரிச்சலூட்டுவது.

பெயர்கள் பொருந்தினாலும் கணு செத்தால் அமர்வும் போச்சு. அதைத் தவிர்க்க சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ‘கிளஸ்டர்’ உறுப்பைச் சேர்த்து, செயலியின் வெப்.எக்ஸ்எம்எல்லில் ‘டிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று குறிக்க வேண்டும். அப்போது டாம்கேட்டின் அமர்வு மேலாளரான டெல்டாமேனேஜர் அமர்வைக் கொத்தின் எல்லாக் கணுக்களுக்கும் நகலெடுக்கும். கணுக்கள் கூடக்கூட இந்த நகலெடுப்பே தனிச் சுமையாகிவிடும்; பெரிய கொத்துக்கு, ஒரே ஒரு மாற்றுக் கணுவில் மட்டும் நகல் வைக்கும் பேக்கப்மேனேஜர் உண்டு.